பந்தி வஞ்சனை

தமிழர் கண்டித்த குற்றங்களுள் ‘பந்தி வஞ்சனை’ என்பதும் ஒன்று. ஒரே வரிசையில் அமர்ந்து உண்பவர்களுள் ஒருவருக்கு நெய்யும் இன்னொருவருக்கு வெறுஞ்சோறும் படைப்பது. வேண்டியவர் இலையில் கறித்துண்டை வைத்து, வேண்டாதவர் இலையில் குழம்பை மட்டும் ஊற்றிவிட்டு நகர்வது. களவுக்கும் கொலைக்கும் நீதிமன்றம் உண்டு. பந்தி வஞ்சனைக்கு நீதிமன்றம் இல்லை. ஆயினும் இலையின் முன் அமர்ந்தவன் அதை ஆயுள் முழுதும் மறப்பதில்லை. வயிற்றுப் பசி அடுத்த வேளைச் சோற்றில் ஆறிவிடும். மானத்தில் பட்ட காயம் அவ்வளவு எளிதில் ஆறிவிடுமா?

‘பங்க்தி’ என்னும் வடசொல்லின் வழியே வந்தது ‘பந்தி’. வரிசை என்பதே அதன் பொருள். வரிசை மனிதரைச் சேர்க்கவும் செய்யும், விலக்கவும் செய்யும். யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம் என்னும் கேள்வி நம் நாட்டில் மிகப் பழையது. அதைப் பற்றி ஏடுகளில் நான் கற்றதைவிட, சேலத்துச் சிறு உணவகங்களில் நண்பர்களோடு அமர்ந்து கற்றதே மிகுதி. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாங்கள் நால்வர். நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். இன்னொருவர் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர். மூன்றாமவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறவர். நான்காமவர் அம்மாப்பேட்டையில் தறி நெய்து வளர்ந்து, பின்னர் வங்கியில் எழுத்தரானவர். மூவர் கத்தோலிக்கர், பட்டறைக்காரர் இந்து. நால்வரும் நான்கு சாதிகளில் பிறந்தவர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, நான்கு ரோடு அருகேயுள்ள குழந்தை இயேசு பேராலயத்தில் திருப்பலி முடிந்ததும் நாங்கள் மூவரும் வெளியே வருவோம். பட்டறைக்காரர் வாயிலில் காத்திருப்பார். அன்று நண்பகல் உணவோ மாலைச் சிற்றுண்டியோ ஏதேனும் ஒரு சிறு கடையில். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக இவ்வழக்கம் தொடர்கிறது.

எங்களுக்குள் மூன்று விதிகள் உண்டு. சென்ற மாதம் சென்ற கடைக்கு இம்மாதம் செல்வதில்லை. குளிரூட்டிய அறையும் அச்சடித்த விலைப்பட்டியலும் உள்ள இடத்திற்குச் செல்வதில்லை. நால்வருக்கும் ஒரே உணவு. பணம் மாதத்திற்கு ஒருவர் முறை. இந்த மூன்றாம் விதியை வகுத்தவர் அஞ்சல் நண்பர். அதன் ஆழம் எங்களுக்குப் பின்னரே விளங்கிற்று.

சேலத்தின் சுவையை அறிய விரும்புகிறவர் முதலில் மாலை வேளையில் தள்ளுவண்டியின் முன் நிற்க வேண்டும். ‘தட்டுவடை செட்’ என்பது இம்மாநகரின் தனிச்சொத்து. உள்ளங்கையைவிடச் சிறிய மொறுமொறுப்பான தட்டுவடை ஒன்று. அதன்மேல் கொத்தமல்லியும் புதினாவும் அரைத்த பச்சைச் சட்னி, மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி. துருவிய பீட்ரூட், கேரட், பொடியாய் அரிந்த வெங்காயம். எல்லாவற்றுக்கும் மேலே மூடிபோல் இன்னொரு தட்டுவடை. அதை அப்படியே வாயிலிட்டு ஒரே கடியில் முடிக்க வேண்டும். இரண்டாகக் கடித்தால் சட்னி சட்டையில்தான் விழும். தட்டுவடையை நொறுக்கிக் கலந்தால் ‘நொறுக்கல்’; முறுக்கைக் கொண்டு செய்தால் ‘முறுக்கு செட்’.

வண்டியைச் சுற்றி நிற்பவர்களைப் பார்ப்பதே ஒரு பாடம். ஜவுளிக்கடை ஊழியர், கல்லூரி மாணவியர், சுமை தூக்குபவர், மகிழுந்தில் வந்திறங்கிய குடும்பத்தார் அனைவரும் நின்றுகொண்டே கையை நீட்டுகின்றனர். வண்டிக்காரர் வந்த வரிசைப்படியே ஒவ்வொருவர் தட்டிலும் வைத்துக்கொண்டு போகிறார். அமர்ந்து உண்ண இடமில்லாததால் உயர்ந்த இருக்கை, தாழ்ந்த இருக்கை என்னும் பேச்சுக்கே அங்கு வழியில்லை.

நண்பகல் உணவுக்கு மெஸ்கள். ‘மெஸ்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ஒருவருக்கு வைக்கப்படும் உணவுப் பங்கு என்பதே அதன் முதற்பொருள். இறைச்சி கிடைக்கும் உணவகத்தை ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று நம் பாட்டன்மார் அழைத்ததும் இங்கே நினைக்கத்தக்கது. சேலத்தில் செல்வி மெஸ் போல ஊரே பெயர் சொல்லும் இடங்களும் உண்டு. வீட்டுத் திண்ணையை அடைத்து நான்கு மேசை போட்டு, கணவர் கல்லாவிலும் மனைவி அடுப்பிலுமாக நடத்தும் பெயரற்ற இடங்களும் உண்டு. எங்கள் நாட்டம் பின்னவற்றின் மேல்தான்.

மெஸ்ஸின் ஒழுங்கு எளிது. காலியாகும் இடத்தில் அடுத்து வந்தவர் அமர வேண்டும். பக்கத்தில் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. இலை விரியும், தண்ணீர் தெளித்துத் துடைப்போம். பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம், சோறு. பிறகு கறிக்குழம்பு, மீன்குழம்பு, ரசம், மோர் என்று வாளிகள் வரிசையாய் வரும். கறியும் மீனும் தனிக்காசு. குழம்பு அனைவருக்கும் பொது. மேசை நீளத்திற்கும் வாளி ஒரே வேகத்தில் நகரும். கரண்டி எவர் முகத்தையும் பார்ப்பதில்லை.

அந்த இலையை உற்றுப் பார்த்தால் எங்கள் சமவெளியே அதில் விரிந்திருக்கக் காணலாம். இலை காவிரிக் கரையில் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களிலிருந்து வருவது. முதற்பிடிச் சோற்றுக்கு நெய் ஊற்றும் கடையானால் ‘ராசிபுரம் நெய்’ என்று பெருமையுடன் சொல்வார்கள். பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி இப்பகுதி மரவள்ளிக்கிழங்கின் மாவு. இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டு இறக்குமதி தடைப்பட, 1943 அளவில் சேலத்தில் வேர்கொண்ட தொழில் அது. 1981-இல் உற்பத்தியாளர்கள் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓர் இலைச் சோற்றின் பின்னே எத்தனை கைகள்! இக்கைகளுள் எது எந்தச் சாதிக் கை என்று சோற்றைப் பிசைகிறவர் எவரேனும் கேட்பதுண்டா?

சில மாதங்களில் நாமக்கல் சாலையில் பேருந்து ஏறிவிடுவோம். 1997 சனவரி முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ஆயினும் உண்பதில் இரண்டும் ஒரே நாடுதான். ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கிக் கொறிப்போம். காவிரிக்கு இப்பால் ஈரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் ஒரு கோழிக்கறி தமிழகம் முழுதும் வழங்குகிறது. சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு ஆகியவைதாம் அதன் கூட்டு. மசாலாப் பொடிகளுக்கு அதில் இடமில்லை. இருப்பதைக் கொண்டு சமைத்த எளியவர் உணவு இன்று நட்சத்திர உணவகங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்கள் உண்ணும் கடைகளும் எங்களுக்கு உகந்தவை. நாமக்கல் லாரிகள் காணாத மாநிலம் அரிது. அடுப்பையும் அரிசியையும் வண்டியிலேயே ஏற்றிச் சென்று வழியில் பொங்கி உண்ணும் அவர்கள், ஊர் எல்லையை அடைந்ததும் முதலில் தேடுவது தம் மண்ணின் குழம்பைத்தான். பஞ்சாபிலும் குசராத்திலும் எவருடைய கயிற்றுக் கட்டிலிலோ அமர்ந்து எவர் சுட்ட ரொட்டியையோ உண்டு திரும்பியவர்களிடம் சாதிப் பேச்சு சற்றுக் குறைவாகவே இருக்கக் கண்டேன்.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

அஞ்சல் நண்பரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடையில் தேநீர் அருந்தினாலும், அருந்தி முடித்ததும் கண்ணாடிக் குவளையைத் தாமே எடுத்துச் சென்று, தண்ணீர்த் தொட்டியருகே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வருவார். அது அவருடைய தூய்மை உணர்வு என்றே எவரும் கருதுவர். ஒருமுறை ராசிபுரம் அருகே ஒரு சிறு கடையில் அவ்வாறு அவர் எழுந்தபோது, கடைக்காரப் பெண்மணி குறுக்கே வந்தார். “டம்ளரை வச்சுட்டுப் போங்கண்ணா, கழுவறதுக்கு ஆள் இருக்குது” என்றார். நண்பர் குவளையை வைத்தார். அடுத்த கணமே கை தானாக மீண்டும் அதை எடுத்தது. பெண்மணி சிரித்துக்கொண்டே வாங்கிக் கொண்டார். நண்பர் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் அவர் பேசினார். அவர் பிறந்தது இச்சமவெளியின் ஒரு சிற்றூர். தந்தை பண்ணையில் கூலி; தாய் களையெடுப்பவர்; தாத்தா காலத்திலேயே திருமுழுக்குப் பெற்ற குடும்பம். அவ்வூர்த் தேநீர்க் கடையில் அவர் தாத்தாவுக்குக் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றினார்களாம். தந்தையின் காலத்தில் கொட்டாங்கச்சி போய்த் தனிக் குவளை வந்தது. கூரையின் மூங்கிலில் தொங்கும் அக்குவளையைத் தாமே எடுத்து, நின்றபடி அருந்தி, தாமே கழுவி, மீண்டும் அங்கேயே மாட்ட வேண்டும். சிறுவனாகத் தந்தையின் கைபிடித்துச் சென்ற நண்பர் அதைத்தான் கற்றார். பெஞ்சியில் அமர்ந்திருந்தவர்களுள் அவரோடு ஞாயிறுதோறும் கோவிலில் முழந்தாளிட்டவர்களும் இருந்தனர் என்றார். குரலில் சினம் இல்லை. “அலுவலகத்தில் மேலதிகாரி ஆனேன், எனக்குக் கீழே இருபது பேர் வேலை பார்த்தார்கள். ஆனாலும் குவளையைக் கண்டால் கை மட்டும் பழைய ஊருக்குப் போய்விடுகிறது” என்றார். நால்வருக்கும் ஒரே உணவு என்னும் விதியை அவர் ஏன் வகுத்தார் என்பது அன்று விளங்கிற்று.

நம் நாட்டின் சட்டம் இக்குவளையை அறியாததன்று. 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, சமயம் முதலியவற்றின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. உணவகத்தில் நுழைவதைத் தடுப்பதை மட்டுமன்றி, அங்கே பொதுமக்களுக்கென வைக்கப்பட்ட பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் அது தண்டனைக்குரிய குற்றமாகத் தனியே குறிப்பிடுகிறது. சட்டம் எழுதியோர் தேநீர்க் கடைக் கூரையில் தொங்கிய குவளையை நினைவில் கொண்டிருந்தனர் போலும்!

சட்டத்திற்கு முன்பே போராடியவர்களும் இருந்தனர். தென்னக இரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியார் ஈ.வெ.ரா.வின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்ததன் பயனாய் 1941-இல் நீங்கிற்று. சேலத்தில் வழக்கறிஞராய் இருந்த இராசாசி 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். தாழ்த்தப்பட்டவர்களும் மற்றவர்களும் அங்கு ஒன்றாய் வாழ்ந்தனர். இருவரும் அரசியலில் எதிரெதிர்த் திசையினர். ஆயினும் சோற்றின் முன் மனிதர் சமம் என்பதில் இருவர் பாதையும் ஒரு புள்ளியில் சந்தித்தது.

நம் திருச்சபையின் கதை என்ன? இம்மண்ணின் மறைவரலாற்றிலும் உணவு ஒரு பெருங்கேள்வியாய் இருந்துள்ளது. தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். காவி உடுத்தி, நாளுக்கு ஒருவேளை மட்டும் மரக்கறி உணவு உண்டு, பிராமணர் சமைத்ததையே ஏற்றுத் துறவியாய் வாழ்ந்தவர் அவர். மதுரையில் முன்னரே பணியாற்றிய சக குருவோடு கூடப் பந்தியைப் பகிராமல் தனித்து வாழ்ந்தார். நற்செய்தி எவர் வீட்டு வாயிலிலும் தடைபடக் கூடாது என்பதே அவருடைய நோக்கம். அவ்வாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி வெளியிட்ட ஆணை, கிறித்தவரானோர் பூணூல், குடுமி போன்றவற்றைத் தொடர இடமளித்தது. அதே ஆணை, குலத்தால் உயர்ந்தோர் எளியோரை இகழலாகாது என்றும் வேண்டிக்கொண்டது. 1640 முதல் தாழ்த்தப்பட்ட மக்களிடையேயும் பணியாற்றப் ‘பண்டாரசுவாமிகள்’ என்னும் குருக்கள் வந்தனர். ஒரே சபையின் குருக்களுக்குள்ளேயே இருவகை வாழ்வு, இருவகைப் பந்தி! தெ நொபிலி அடிகளார் தமிழுக்கும் மறைக்கும் ஆற்றிய தொண்டின் முன் தலைவணங்குகிறோம். ஆணையின் முதற்பகுதியை நம் முன்னோர் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர். பின்பகுதியை விரைவில் மறந்தனர். அதுவே நம் வரலாற்றின் துயரம்.

இக்கேள்வி புதிதன்று என்பதற்குத் திருநூலே சான்று. யோப்பா நகரில் கண்ட காட்சியால், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லலாகாது என உணர்ந்தவர் பேதுரு. அவரே அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒன்றாய் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய மடலில் காண்கிறோம். திருத்தூதர்களின் தலைவரைப் பவுல் கண்டித்தது நம்பிக்கை அறிக்கையில் பிழை கண்டு அன்று. அவர் எழுந்து போன நாற்காலியைக் கண்டு! கொரிந்து நகரிலும் இதே நோய். வசதியுள்ளோர் முந்தி உண்டு களிக்க, உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றனர். அது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று பவுல் கடிந்துகொண்டார். பந்தி வஞ்சனையை நற்கருணைக்கு எதிரான குற்றமாகவே அவர் கண்டார் எனலாம்.

நம் காலத்திலும் இந்நோய் முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டிற்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் நிலவுவதை ஒளிக்காமல் கூறியது. வெளியுலகமும் இதற்கு விலக்கன்று. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 1989-இல் கருணாநிதி காலத்தில் சேர்ந்த முட்டை என்று வளர்ந்த நெடிய பந்தியின் தொடர்ச்சி அது. ஆயினும் 2023-இல் கரூர் மாவட்டத்தின் ஒரு பள்ளியில், தலித் பெண் ஒருவர் சமைத்த உணவைத் தம் குழந்தை உண்ணலாகாது என்று எதிர்ப்பு எழுந்தது. மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்கு அந்த உணவில் குறையொன்றும் தெரிந்திராது; பெரியவர்களே குறை கண்டனர்.

மெஸ்ஸின் சமத்துவம் முழுமையானது என்று நான் கூற வரவில்லை. அதற்கு விலை உண்டு. சட்டைப்பையில் நூறு ரூபாய் இருப்பவருக்கே அங்கு இலை விரியும். இல்லாதவர் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய வறுவலைப் பார்த்துவிட்டு நடக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தபோது, அப்படி நடந்தவர்களில் பலர் முதன்முறையாகக் கூரையின் கீழ் உண்டனர். 2020-இல் பெருந்தொற்றால் ஊரே அடங்கி, மெஸ்கள் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் இடங்களாய்ச் சுருங்கிய நாள்களிலும் அவை திறந்திருந்தன. இன்னொன்றும் உண்டு. மெஸ்ஸில் கடைசியாக உண்பவர் யாரென்று நாங்கள் கவனிப்பதுண்டு. மாலை மூன்றரை மணிக்கு, குழம்பு அடியில் தங்கிய பின், இலை எடுக்கும் அம்மாளும் பாத்திரம் துலக்கும் பெண்ணும் அடுப்படியில் தரையில் அமர்வார்கள். வந்தவர் எல்லாரும் சமம்தான். ஆனால் பரிமாறியவரின் முறை எப்போதும் கடைசி.

இறுதியாக ஒரு பந்தியைச் சொல்ல வேண்டும். அது எந்தக் கடையிலும் நடந்ததன்று. சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவிற்கு அடுத்த ஞாயிறன்று அஞ்சல் நண்பர், “இம்மாதம் எங்கள் ஊர் வீடு” என்றார். எங்கள் விதிகளுள் எதற்கும் அது முரணாயில்லை. இதுவரை சென்றிராத இடம், குளிரூட்டிய அறை இல்லாத இடம். ஓட்டு வீட்டின் வாயிலில் எண்பதைக் கடந்த அவருடைய தாய் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஏனுங்க சாமி, எங்க ஊட்டுல சாப்புடுவீங்களா? இல்லீன்னா கடையில இருந்து வாங்கியாரச் சொல்றனுங்க” என்றார். நெடுநேரம் யோசித்து வைத்திருந்த கேள்வி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு மூலையில் அப்போதுதான் வாங்கிய நான்கு புதிய எவர்சில்வர்க் குவளைகள் ஒட்டுச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாமல் இருந்தன. விருந்தினருக்கென்று அவர் தனியே வாங்கியவை. தம் வீட்டுக் குவளையில் நாங்கள் அருந்தமாட்டோம் என்று அத்தாய் தாமாகவே முடிவு செய்திருக்கிறார்! தேநீர்க் கடைக் கூரையில் தொங்கிய குவளை எவ்வளவு தொலைவு பயணம் செய்து வந்திருக்கிறது பாருங்கள்.

பட்டறைக்காரர்தாம் முதலில் உள்ளே சென்றார். அடுக்கிலிருந்த நசுங்கிய பழைய சொம்பை எடுத்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். “அம்மா, பசிக்குதுங்க. என்ன கொழம்பு?” என்றார். ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். நால்வரும் தரையில் வரிசையாய் அமர்ந்தோம். அந்தத் தாய் சுவரோரம் நின்றபடி பரிமாறினார். அமரச் சொன்னோம்; மறுத்தார். நண்பர் தம் பக்கத்தில் ஐந்தாவது தட்டை வைத்து, களி உருண்டையை இட்டு, குழம்பை ஊற்றினார். நெடுநேரம் அத்தட்டு காத்திருந்தது. பிறகு அவர் மெல்ல அமர்ந்தார். முதற்கவளத்தைப் பிட்டவர் அதை உண்ணவில்லை. குனிந்து சற்று நேரம் இருந்தார். செபித்தாரோ, அழுதாரோ, நாங்கள் கேட்கவில்லை.

எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர் இருவர், பொழுது சாய்ந்தது கண்டு வழிப்போக்கரைத் தம்மோடு தங்குமாறு வற்புறுத்தி அழைத்தனர் என்று லூக்கா எழுதுகிறார். வழியெல்லாம் மறைநூலை விளக்கியபோது அவரை அடையாளம் காணாதவர்கள், பந்தியில் அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டபோது கண்டுகொண்டனர். மறையுரைகள் நெஞ்சைச் சூடேற்றும். கண்ணைத் திறப்பது பந்திதான். சேலத்து மெஸ்களில் ஒருவர் அருகில் ஒருவராய் அமர்ந்து உண்ண நூறு ரூபாய் போதும். கோவிலில் ஒரே அப்பத்தைப் பெற அதுவும் வேண்டியதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது வீடு. அங்கேதான் குவளைகள் இன்னும் தனித்தனியே அடுக்கப்படுகின்றன. அங்கேதான் திருமண ஓலைகள் யார் யாருக்கு என்று பிரிக்கப்படுகின்றன. பங்குத் திருவிழாவில் அன்னதானம் நடத்துவது நன்று. அதனினும் நன்று, அடுத்த ஞாயிறன்று பங்கிலுள்ள ஒருவர் வீட்டுக்குச் சென்று, அவர் வீட்டுக் குவளையில் தண்ணீர் கேட்டுக் குடிப்பது. பின் அவரை நம் வீட்டுக்கு அழைத்து, நம் அடுப்படியில் நம்மோடு அமரச் செய்வது. இதற்கு அறிக்கை வேண்டாம், தீர்மானம் வேண்டாம். ஒரு பாய் போதும். ஓர் இலை கூடுதலாய் வேண்டும்.